ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட அங்கத்தவர்களே, அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வீட்டுப் பராமரிப்பைப் பற்றியே நான் அதிகம் பேச விரும்புகிறேன். சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பின் வரும் முதல் சில வாரங்களில்தான் முழங்கால் எவ்வளவு நீளும், எவ்வளவு மடியும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது. அந்த வாரங்களில் நோயாளிக்கு வழிகாட்ட நம் ஊர்களில் ஆளில்லை.

இதற்காகவே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் வீட்டுத் தரிசிப்பைத் தொடங்கினோம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு அம்மா, முழங்கால் மாற்றி மூன்றாவது வாரம். நோவு தெரியாமல் இருக்கட்டும் என்று மகள் முழங்காலின் கீழ் தலையணை வைத்திருந்தார். அப்படி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கால் மடிந்தபடியே இறுகிவிடும். எம்முடன் வந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) தலையணையை எடுத்துவிட்டு, துவாயைச் சுருட்டிக் குதிக்காலின் கீழ் வைத்தார். முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொன்னார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். தொடைத் தசை இறுகுவதை மகளின் கையை வைத்தே இயன்மருத்துவர் உணர்த்தினார். பராமரிப்பவருக்குப் பழக்குவதுதான் இந்தத் தரிசிப்பின் பெரும் பயன் என்பது என் உறுதியான எண்ணம்.

இடுப்பு மாற்றியவர்களின் சிரமம் வேறு. பின்பக்கமாகத் திறந்து மூட்டுப் பொருத்தியவர்களிடம், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்க வேண்டாம், கால்மேல் கால் போட வேண்டாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் வழமையாகச் சொல்வார்கள். மீறினால் மூட்டு விலகக்கூடும். குந்து மலசலகூடமும் தரையில் விரித்த பாயும் உள்ள வீட்டில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? எமது இரவல் சேவையில் கொமட் கதிரைகளையே பலரும் முதலில் கேட்கிறார்கள். கதிரை, வோக்கர், ஊன்றுகோல்களைத் திருப்பித் தரும்போது கழுவித் தாருங்கள். அடி றப்பர் தேய்ந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சீமெந்துத் தரையில் அது வழுக்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில்.

காயம் ஆறுமுன் எண்ணெய் பூசி உருவுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பரம்பரை வைத்தியத்தின் மேல் எமக்கு மரியாதை உண்டு. ஆனால் கிருமி உள்ளே இறங்கினால் பொருத்திய மூட்டையே கழற்ற நேரிடலாம். காயத்தில் கசிவோ காய்ச்சலோ கண்டால் தாமதிக்க வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி நொந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

புதிய மூட்டு எத்தனை வருடம் நிற்கும் என்று பலர் கேட்டீர்கள். 2019இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான ஆய்வுகளின்படி, முழுமையாக மாற்றிய முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 வீதமும், இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 வீதமும் 25 வருடங்கள் நிலைக்கின்றன.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. சத்திரசிகிச்சைக் கிளினிக் ஒரு நாள், இயன்மருத்துவம் வேறொரு நாள். வாகரையிலிருந்து வாகனம் பிடித்து வருபவர் இரண்டாம் பயணத்தைக் கைவிடுகிறார். அவர் கைவிடுவது பெரும்பாலும் இயன்மருத்துவத்தையே. இரண்டையும் ஒரே நாளில் வைக்குமாறு எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. அடுத்த நிர்வாகம் இதை விடக்கூடாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே வீட்டைப் பார்த்துக் கட்டிலின் உயரம், மலசலகூடத்தின் கைபிடி ஆகியவற்றைச் சரிசெய்யும் வேலையும் வரும் ஆண்டுக்கு உரியது.

வீடுவீடாக வந்த இயன்மருத்துவருக்கும், வாடகை வாங்காத முச்சக்கர வண்டிச் சகோதரர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
மட்டக்களப்பு.