ஆருஷி கேஸ் பத்தின ஊகம் இனி இங்க வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம், நேத்து ராத்திரியிலேர்ந்து நம்ம குரூப்ல 2008ல நடந்த ஆருஷி கொலை கேஸ் பத்தி வாய்ஸ் நோட்டும் பார்வர்டுமா வந்துட்டே இருக்கு, அந்த பொண்ணோட அப்பா அம்மா ஏன் கொன்னிருப்பாங்கன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றீங்க. அவங்க ரெண்டு பேரையும் 2017 அக்டோபர் 12ல அலகாபாத் ஹைகோர்ட் விடுதலை பண்ணிடுச்சுங்க. தயவுசெஞ்சு அத மனசுல வச்சுக்கோங்க.

இதே ஊகம்தான் அந்த கேஸையே ஆரம்பத்துல கெடுத்துச்சு. 2008 மே 16 காலைல நொய்டா வீட்ல 13 வயசு ஆருஷி செத்து கிடந்தப்போ, வேலைக்காரர் ஹேம்ராஜ காணோம், அதனால அவர்தான் கொன்னுட்டு ஓடிட்டார்னு போலீஸ் முடிவே பண்ணிடுச்சு, மறுநாள் பாத்தா அவர் உடம்பு அதே வீட்டு மொட்டைமாடில கிடக்கு. அதுக்கப்புறமும் அடங்கல, ஒரே வாரத்துல போலீஸ் ப்ரெஸ் மீட் வச்சு அந்த குழந்தையோட நடத்தைய பத்தியே பேசுனாங்க, டிவில அத நாள் முழுக்க ஓட்டுனாங்க. பதில் சொல்ல அவ உயிரோட இல்ல, எனக்கு இன்னும் வயிறு எரியுது. நேபாளத்துல இருக்கற ஹேம்ராஜ் குடும்பத்த யாராவது நெனச்சோமா?

அப்புறம் சிபிஐ வந்துச்சு, வேற மூணு பேர புடிச்சு விட்டுச்சு, 2010ல கேஸ மூடலாம்னு ரிப்போர்ட் குடுத்துச்சு, கோர்ட் ஒத்துக்கல, 2013ல அப்பா அம்மாவுக்கு ஆயுள் தண்டனை, அப்புறம்தான் விடுதலை.

தீர்ப்புல என்ன இருக்குன்னு பேசுங்க, தாராளமா பேசலாம். காரணம் இதுதான்னு கத கட்டுற மெசேஜ இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்களே டிலீட் பண்ணிடுங்க, இருந்தா நான் எடுத்துடுவேன்.

- அட்மின்