உதவத் தயங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் இருசக்கர வாகனம் சறுக்கினால் உடனே கூட்டம் சேர்கிறது, கைபேசிகளும் உயர்கின்றன, கீழே கிடப்பவருக்கு உதவ மட்டும் ஆள் முன்வருவதில்லை. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமே என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது, அப்போது நேர்ந்த கவனக்குறைவுக்காக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ பாயாது என்று பாதுகாப்பளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் கூடாது. உதவாதவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதுகில் அடிபட்டவரைத் தெரியாமல் புரட்டுவதும் ஆபத்துதான். எனினும், 108-ஐ அழைப்பதும், பின்னால் வரும் வாகனங்களை வளைவுக்கு முன்பே நிறுத்துவதும் அங்கிருக்கும் எவருக்கும் கடமையே. 134ஏ பிரிவின் சாரத்தை அடிவாரத்திலும் ஒவ்வொரு வளைவிலும் பெரிய எழுத்தில் பலகையாக வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.