தீர்ப்பில் உள்ள தண்ணீர் வாய்க்காலில் இல்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பழங்குடியினரின் நீருரிமை பற்றி எழுதுவோர் பலரும் அந்த உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற 1908-ஆம் ஆண்டு வின்டர்ஸ் தீர்ப்போடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

அந்த வழக்கில், மொன்டானா மாநிலத்தின் மில்க் ஆற்றில் மேல்பகுதிக் குடியேறிகள் தண்ணீரைத் திருப்பியதால், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட ஃபோர்ட் பெல்க்நாப் நிலத்தில் பாசனம் தடைப்பட்டது. 1888-இல் நிலத்தை ஒதுக்கியபோதே அதற்கான நீரும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்றது உச்ச நீதிமன்றம். மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்தவருக்கே முன்னுரிமை. பயன்படுத்தாவிட்டால் அது பறிபோகும். பழங்குடியினரின் உரிமை அப்படிப் போவதில்லை. அதன் முன்னுரிமை, ஒதுக்கீடு உருவான நாளிலிருந்தே கணக்காகும்.

எவ்வளவு நீர்? 1963-இல் அரிசோனா–கலிபோர்னியா வழக்கில்தான் அளவுகோல் வந்தது: நடைமுறையில் பாசனம் செய்யத்தக்க ஏக்கர்கள். மண், சரிவு, பயிரின் நீர்த்தேவை, கால்வாய்ச் செலவு எல்லாவற்றையும் மெய்ப்பிக்க வேண்டும். மலைப்பாங்கான நிலத்தில் வாழ்வோருக்கு இது பெரும் அநீதி. அளவு உறுதியானாலும் அணைக்கும் குழாய்க்கும் பணமில்லையென்றால், தண்ணீர் அடுத்தவர் வயலுக்கே ஓடுகிறது.

2023-இல் நவஹோ பழங்குடியினரின் வழக்கில், அவர்களோடு செய்த 1868 உடன்படிக்கையின்படி தண்ணீர் கிடைக்க நடவடிக்கை எடுக்கும் கடமை அமெரிக்க அரசுக்கு இல்லை என உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பானது. எனவே இந்த நீருரிமையைப் பேசித் தீர்த்து, அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் ஒப்பந்தங்களில் கட்டுமான நிதி எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வாசகர்