கண்ணாடியில் தெரிந்த விளக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொடங்கின கதை பாதியில் நின்றுபோனது உனக்கு ஞாபகம் இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் ஹெல்மெட் கமராவில் எடுத்த வீடியோவைக் காட்டினாய். லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் இரண்டு லேனிலும் வாகனங்கள் அசையாமல் நிற்க, நடுவே நீ போகிறாய். நிற்கிற வான்களின் பக்கத்தில் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பட்டு மறைகிறது. என்ன இது, இரண்டு சிக்னலும் எரிகிறதே என்று கேட்டேன். "ஹசார்ட் லைட் போட்டால் எல்லாருக்கும் என்னைத் தெரியும் அப்பா" என்றாய். கூடாது என்றேன். ஏன் என்றாய். அதற்குள் அம்மா கறிச்சட்டியோடு வந்து, சாப்பிடுகிற நேரத்தில் ரோட்டுக் கதை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள்.

அம்மா நிறுத்தியிராவிட்டாலும் அன்றைக்கு நான் உனக்குச் சரியான பதில் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பதிலுக்குள் உனக்கு இதுவரை சொல்லாத ஒரு சம்பவம் இருக்கிறது. போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. நீ வாகனங்களுக்கு இடையால் போவதை நான் பிழை சொல்லவில்லை. இந்த நாட்டில் அது சட்டப்படி சரி. ஹைவே கோட் என்கிற வீதி விதிப் புத்தகத்தின் 88ஆவது விதி, மெதுவாக நகரும் வாகனங்களுக்கு இடையால் போகும்போது கவனமாக, வேகத்தைக் குறைத்துப் போ என்றுதான் மோட்டார் சைக்கிள்காரருக்குச் சொல்கிறது. 211ஆவது விதி, அப்படி வருகிறவர்களைப் பார்த்துக்கொள் என்று எங்களைப் போன்ற சாரதிகளுக்குச் சொல்கிறது. 2009இல் லண்டனின் பெரிய வீதிகளில் மோட்டார் சைக்கிள்களை பஸ் லேனுக்குள் விட்டுப் பார்த்தார்கள், 2012இல் அதை நிரந்தரமாக்கினார்கள். எங்கள் டிப்போவில் சில பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் மனக்குறை இருக்கவில்லை. நிற்கிற வரிசையின் கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்று, பின்னால் வருகிற வான் அதை நசுக்குவதைவிட, அது என்னைத் தாண்டிப் போய்விடுவது மேல் என்று 26 வருடம் பஸ் ஓட்டின அனுபவத்தில் சொல்கிறேன்.

என் பயம் எல்லாம் அந்தச் சிமிட்டும் விளக்கைப் பற்றித்தான்.

2011 நவம்பர். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நான் 18ஆம் இலக்க பஸ்ஸை யூஸ்டனில் இருந்து சட்பரிக்கு ஓட்டி வருகிறேன். பின்னேரம், மழைத் தூறல், ஹாரோ ரோட்டில் வழக்கமான நெரிசல். வரிசை நின்றுவிட்டது. எனக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு சிறு தெரு. அதன் வாயை அடைக்காமல் இடம் விட்டு நின்றேன். அந்தத் தெருவில் இருந்து ஒரு சின்னக் கார், ஒரு பெண் ஓட்டிக்கொண்டு வந்தவர், வலப்பக்கம் திரும்பக் காத்துக்கொண்டிருந்தார்.

வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு வெள்ளை வான், கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் தோளுக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் வரிசையின் வெளிப்பக்கமாக மெல்ல வந்துகொண்டிருந்தது. அதன் வலப்பக்கச் சிக்னல் சிமிட்டிக்கொண்டிருந்தது. வீதியின் வலப்பக்கத்தில், என் பஸ்ஸுக்கு நேரே, ஒரு பெற்றோல் நிலையம். சரி, பெற்றோல் அடிக்கத் திரும்புகிறான் என்று நினைத்தேன். என் மூக்குவரைக்கும் வரமாட்டான் என்ற நம்பிக்கையில், அந்தப் பெண்ணுக்கு என் முன்விளக்கை ஒருதரம் அடித்துக் காட்டினேன். அவர் வெளியே வந்தார்.

அவன் திரும்பவில்லை. பெற்றோல் நிலையத்தைத் தாண்டி, என் பஸ்ஸின் முழு நீளத்தையும் தாண்டி வந்து, காரின் முன் மட்காட்டில் மோதி விழுந்தான்.

நான் இறங்கி ஓடினேன். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, கடவுள் காப்பாற்றினார். இப்போது உனக்கு இருக்கிற வயதுதான் அவனுக்கும் இருந்திருக்கும். மோட்டார் சைக்கிள் வீதியில் சரிந்து கிடந்தது. அதன் இரண்டு பக்க விளக்கும் ஒன்றாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தன. அப்போதுதான் மற்ற விளக்கைக் கண்டேன். அதுவரைக்கும் வான் அதை மறைத்திருந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை அவன் பக்கத்தில் குந்தியிருந்தேன். "ஹசார்ட் போட்டுக்கொண்டுதானே வந்தேன், உனக்கு எப்படித் தெரியாமல் போனது?" என்று என்னைக் கேட்டான். தெரியாமல் போகவில்லை, மகன். கண்டேன். கண்டதுதான் பிழையாகப் போனது.

என் பங்கை நான் மறைக்கவில்லை. முன்விளக்கை அடித்து ஒருவரை வெளியே அழைக்கக் கூடாது என்று பஸ் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அன்றிரவு அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். நீ மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுத்த நாளில் இருந்து ஒவ்வொரு கிழமையும் இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன்.

அதன்பிறகு அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். இரண்டு லேனுக்கு நடுவே நீ ஹசார்ட் போட்டு வருகிறாய் என்று வை. இடது லேனில் நிற்கிறவன் தன் வலப்பக்கக் கண்ணாடியில் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிற கார் உன் இடது பாதியை மறைத்துவிடும். உன் வலது விளக்கு மட்டும்தான் தெரியும். வலப்பக்கம் போகிறான், என் பக்கம் வரவில்லை என்று நினைப்பான். வலது லேனில் நிற்கிறவனுக்கு இதே கதை மறுபக்கமாக நடக்கும். உன் இடது விளக்கைக் கண்டு, நீ இடப்பக்கம் விலகுகிறாய் என்று நினைப்பான். இரண்டு பேருமே நீ தன்னை விட்டு விலகிப் போவதாக நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு ஸ்டியரிங்கைத் திருப்பினால் நடுவில் இருப்பது நீ.

சிக்னலும் ஹசார்டும் ஒரே விளக்கு, ஒரே நிறம், ஒரே வேகத்தில் சிமிட்டுகிறவை. இரண்டையும் ஒன்றாகக் கண்டால்தான் அது ஹசார்ட். ஒன்றை மட்டும் காண்கிறவனுக்கு அது சிக்னல்தான், வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. நெரிசலில் உன்னை முழுதாகக் காண்கிறவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்றும் இருக்கிறது. ஹசார்ட் எரியும்போது உன்னிடம் சிக்னலே இல்லை. நீ உண்மையாகவே இடது லேனுக்குள் புக வேண்டி வரும்போது அதை எப்படிச் சொல்வாய்? முதலில் ஹசார்டை நிறுத்தி, பிறகு சிக்னலைப் போட வேண்டும். அந்த நேரத்தில் உன் இடது கை கிளச்சில், வலது கை பிரேக்கில். இப்படி இடுக்கில் போகும்போதுதான் உனக்குச் சிக்னல் அதிகம் தேவை. அதையே நீ உன் கையால் எடுத்துவிடுகிறாய்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 116ஆவது விதிப்படி, ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் ஹசார்ட் போடக் கூடாது. மோட்டர்வேயிலோ, நடுவே பிரிப்பு வைத்து, தேசிய வேக வரம்பு உள்ள இரட்டைப் பாதையிலோ, முன்னால் ஒரு ஆபத்து இருப்பதைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வதற்கு மட்டும் போடலாம். வாண்ட்ஸ்வொர்த்தும் பட்னி பாலமும் அதற்குள் வராது. எம்25 மோட்டர்வேயில் வரிசை சடுதியாக நின்று, நீ கடைசி ஆளாக நிற்க வேண்டி வந்தால் போடு, தயங்காதே. வண்டி பழுதாகி ஓரத்தில் நின்றாலும் போடு.

ஏதாவது நடந்தால் நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்றும் தேடிப் படித்தேன். 1966இல் ஒரு வழக்கு, என் கதை மாதிரியே இருக்கிறது. நின்ற வரிசையில் ஒரு டாங்கர் லொறி இடம் விட, பக்கத் தெருவில் இருந்து கார் வெளியே வர, வரிசையைத் தாண்டி வந்த மோட்டார் சைக்கிள் மோதியது. பிழையில் 80 வீதம் மோட்டார் சைக்கிள்காரர் மேல் போட்டார்கள். எனக்கு அது கடுமையான தீர்ப்பாகத்தான் தெரிகிறது. 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், வரிசையில் இருந்த கார் சடுதியாக யூ டேர்ன் எடுத்தது. வரிசையைத் தாண்டி வந்த மோட்டார் சைக்கிள்காரர் மேல் ஒரு வீதமும் பிழை இல்லை என்றார்கள். இடையால் போனதே குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. எப்படிப் போனாய் என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு, ஓடும்போது போடக் கூடாத விளக்கைப் போட்டிருந்தேன் என்று சொல்லும் நிலை உனக்கு வர வேண்டாம்.

பாரிசில் எல்லாரும் போடுகிறார்களே என்றாய். உண்மைதான், சித்தப்பா வீட்டுக்கு லாச்சப்பல் போனபோது பாரிசைச் சுற்றிப் போகிற பெரிபெரிக் வீதியில் நானும் பார்த்தேன். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு விளக்கும் சிமிட்ட வரிசையாக வரும், கார்கள் ஒதுங்கும், போகிறவன் நன்றிக்குக் காலை ஒருமுறை வெளியே நீட்டிக் காட்டுவான். அது அங்கே பல வருடப் பழக்கம். இரண்டு பக்கத்துக்கும் அதன் அர்த்தம் தெரியும். அங்கேயும் இடையால் போவதற்கென்று நிரந்தரமான சட்டம் வந்தது 2025 ஜனவரியில்தான். நீ ஓட்டுவது லண்டனில். இங்கே பக்கத்து லேன்காரனுக்கு அந்தப் பாஷை தெரியாது. சிமிட்டும் விளக்கைக் கண்டு, என்னவோ ஏதோ என்று பதறி ஸ்டியரிங்கை வெட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். இடப்பக்கம் சைக்கிளில் யார் வருகிறார் என்று அந்த நேரத்தில் அவர்கள் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் என்ன செய்வது என்று கேட்பாய். வேகத்தில் கவனமாக இரு. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள், விபத்தில் சிக்கிய 5,969 மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றி ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். சுற்றியுள்ள வாகனங்களைவிட மணிக்கு 15 மைல்வரை கூடுதலாகப் போனவர்களுக்குக் காயம் கூடியதாகத் தெரியவில்லை. அதற்கு மேல் வித்தியாசம் ஏற ஏறக் காயமும் ஏறியது. உன் வீடியோவில் வாகனங்கள் நின்றுகொண்டிருந்தன, உன் மானி 25ஐக் காட்டியது. அந்த வேகத்தில் ஒரு வினாடிக்குள் பதினொரு மீற்றர் போய்விடுவாய், இரண்டு கார் நீளத்துக்கும் கூட. நிற்கிற வரிசையில் 10க்கு மேல் போகாதே. வேலைக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் பிந்தட்டும்.

உன் ஹெல்மெட் கறுப்பு, ஜாக்கெட் கறுப்பு. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் செய்து 2004இல் வெளிவந்த ஆய்வில், பளிச்சென்ற அல்லது ஒளியைத் திருப்பும் உடுப்புப் போட்டவர்களுக்கு விபத்துக் காயத்தின் ஆபத்து 37 வீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை போட்டவர்களுக்கு 24 வீதம் குறைவு. உன்னை எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுதானே உன் ஆசை. அதுதான் என் ஆசையும். வெள்ளை ஹெல்மெட் எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் வெள்ளைதான், அதைக் கண்டு யாரும் நீ திரும்புகிறாய் என்று நினைக்கமாட்டார்கள். அதற்கான காசை நான் தருகிறேன், மறுக்காதே.

பஸ் ஓட்டினவன் என்ற முறையில் இன்னும் ஒன்று. வரிசையில் எங்காவது இடைவெளி தெரிந்தால் அது உனக்காக விட்ட இடம் இல்லை. யாரோ வெளியே வருவதற்காக விட்டிருக்கிறார்கள். அதிலும் பஸ் ஒன்று முன்னால் இடம் விட்டு நிற்கிறதென்றால், அந்த இடத்தால் ஒரு காரோ, இறங்கின ஒரு வயோதிபரோ வரப்போகிறார் என்று எண்ணிக்கொள். பஸ்ஸின் மூக்கைத் தாண்டுவதற்கு முன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடு. ஹாரோ ரோட்டில் அந்தப் பிள்ளை அப்படி வந்திருந்தால் அந்தக் கார் அவன் கண்ணில் பட்டிருக்கும். விளக்கைப் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் அவனுக்கு இருந்தது. உன் வீடியோவில் அதே தைரியத்தைத்தான் கண்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வருகிற ஞாயிறு வா. அம்மா ஒடியல் கூழ் காய்ச்சப் போகிறாளாம், நண்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். கொஞ்சம் வெள்ளென வந்தால் நல்லது. மாமாவின் வானைக் கேட்டிருக்கிறேன். நம் தெருவில் என் காரை முன்னால் நிறுத்தி, வானை அதன் பின்னால் கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்துவோம். உன் மோட்டார் சைக்கிளை ஹசார்ட் போட்டபடி வானுக்குப் பின்னால், வெளிப்பக்கமாக நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ என் காரில், சாரதி சீற்றில் ஏறி இருந்து, வலப்பக்கக் கண்ணாடியில் எத்தனை விளக்குத் தெரிகிறது என்று எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா