மீண்டும் மேலெழும் விமானம் பீதிச் செய்தியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நாளிதழ்களில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது: ‘தரையிறங்க முடியாமல் வானில் வட்டமடித்த விமானம்; பயணிகள் பீதி.’ உள்ளே படித்தால், பைலட் ஓடுபாதையை நெருங்கி, இறங்காமல் மேலே ஏற்றி, கால் மணி நேரம் சுற்றி வந்து ஒழுங்காக இறக்கியிருப்பார். கடைசி வரி மட்டும் ‘அதிர்ஷ்டவசமாக அனைவரும் உயிர் தப்பினர்’ என்று முடியும். நெல்லை வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் கோணலாக நுழைந்த வண்டியை டிரைவர் பின்னால் எடுத்து நேராக விட்டால், இறங்கி வருகிறவர்கள் யாரும் உயிர் தப்பியதாகச் சொல்வதில்லை. விமானத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

சுற்றிவந்து இறங்கும் இந்த முறைக்கு விமானத் துறையில் ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர். அதைச் செய்யாததால் என்ன நேர்ந்தது என்பதற்கு மங்களூர் விபத்தின் விசாரணை அறிக்கையைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை. கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி என்று வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைந்த நம் சீமையில் அதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

2010 மே 22 காலை 6 மணியளவில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, ஒரு போயிங் 737-800, மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருந்தவர்கள் 166 பேர். பிழைத்தவர்கள் 8 பேர். இரண்டே ஆண்டு ஓடிய புது விமானம். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. மழை இல்லை, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை நீதிமன்றம் இதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது: நல்ல விமானம், நல்ல வானிலை, பிறகு ஏன்?

சிக்கல் தரையில் தொடங்கவில்லை. குரல் பதிவுக் கருவியில் முதல் 1 மணி 40 நிமிடத்துக்குத் தலைமை விமானியின் பேச்சே இல்லை. குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை உடனே முழு வேகத்தில் வேலை செய்யாது. அந்த மந்த நிலையில்தான் அவர் விமானத்தை இறக்க ஆரம்பித்தார். போதாக்குறைக்கு மங்களூரின் ரேடார் மே 20 முதல் பழுது. ரேடார் இல்லாதபோது விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும் என்பதால், கீழே இறங்கும் அனுமதி தாமதமானது. 1,000 அடி இறங்க 3 கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 37,000 அடியிலிருந்து இறங்க 111 மைல் தேவை. இந்த விமானம் இறங்கத் தொடங்கியது சுமார் 77 மைல் தொலைவில். அப்போதே கணக்கு இடித்துவிட்டது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வழியில் ஒரு சுற்றுச் சுற்றி உயரத்தைக் கரைத்துவிட்டு வந்திருக்கலாம். கரைக்காமலே வந்தார்கள்.

சரியான இறக்கம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். விமானம் 3 டிகிரி சரிவில் வர வேண்டும். மைலுக்கு ஏறத்தாழ 300 அடி, நிமிடத்துக்கு 700 அடி அளவில் இறக்கம். மேகமோ மழையோ இருந்தால் 1,000 அடி உயரத்தை எட்டும்போது, வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில், எல்லாம் அமைந்திருக்க வேண்டும்: சக்கரம் கீழே, இறக்கை மடல்கள் தரையிறங்கும் நிலையில், வேகம் அளவுக்குள், இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மிகாமல், சரிபார்ப்புப் பட்டியல் முடிந்து. இவற்றில் ஒன்று குறைந்தாலும், ஓடுபாதையை நெருங்கி வரும் அந்த அணுகுமுறை ‘நிலைப்படாதது’. நிலைப்படாவிட்டால் மேலே போக வேண்டும். சரி செய்துவிடலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

மங்களூரில் ஓடுபாதைக்கு இரண்டரை மைல் இருக்கும்போது, இருக்க வேண்டிய உயரத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கில் இருந்தார்கள். ‘ரொம்ப உயரத்தில் இருக்கிறோம்’ என்றார் துணை விமானி. தலைமை விமானி தானியங்கியைத் துண்டித்து மூக்கைக் கவிழ்த்தார். இறக்கம் நிமிடத்துக்கு 4,000 அடியை நெருங்கியது. தரை நெருங்குவதை உணர்த்தும் கருவி ‘வேகமாக இறங்குகிறாய், மேலே இழு’ என்று திரும்பத் திரும்பக் கத்தியது. துணை விமானி 3 முறை கோ-அரவுண்ட் என்றார். ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில், 144 நாட் (மணிக்கு 144 கடல் மைல்) வேகத்தில் கடக்க வேண்டிய விமானம், 200 அடி உயரத்தில், 160 நாட்டுக்கு மேலான வேகத்தில் கடந்தது.

அந்த 150 அடி வித்தியாசம் கேட்கச் சின்னதாக இருக்கும். 3 டிகிரி சரிவில் ஒவ்வொரு 50 அடி கூடுதல் உயரமும் ஓடுபாதையில் ஏறத்தாழ 950 அடியை விழுங்கும். ஆக 150 அடி என்றால் 2,850 அடி. வேகம் மிகுந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், அது வேறு. முதல் 3,000 அடிக்குள் தொட வேண்டிய சக்கரம் 5,200 அடியில் தொட்டது. ஓடுபாதையின் மொத்த நீளம் 8,033 அடி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் துறைக்காரர்களுக்கு நெஞ்சு பதைக்கும் இடம். தரை தொட்டதும், எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் எதிர்விசையைப் போட்டு பிரேக்கை அழுத்தியவர், சில நொடிகளில் மனம் மாறி மறுபடி மேலே ஏற முயன்றார். எதிர்விசையைப் போட்டுவிட்டால் நின்றே ஆக வேண்டும் என்பது போயிங் கையேட்டின் உறுதியான விதி. காரணம் எளிது. எதிர்விசைக்காக நகர்ந்த எஞ்சின் உறை பழைய இடத்துக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதன் பின் எஞ்சின் முழு விசைக்கு ஏறச் சில நொடிகள் ஆகும். நொடிக்கு 200 அடிக்கு மேல் கடந்துகொண்டிருக்கும்போது அந்த நொடிகளுக்கு இடம் ஏது? தரை தொட்டதும் எதிர்விசையோடு பிரேக்கையும் விடாமல் முழு அழுத்தத்தில் பிடித்திருந்தால் ஓடுபாதைக்குள்ளேயே விமானம் நின்றிருக்கும் என்று விசாரணை கணக்கிட்டது. நிற்கவில்லை. வலது இறக்கை, ஓடுபாதை முடிவிலிருந்து 85 மீட்டரில் நின்ற கான்கிரீட் மேடையில் மோதியது. வழிகாட்டும் ஆன்டெனாவைத் தாங்கும் மேடை அது. மோதினால் நொறுங்கி வழிவிட வேண்டிய அமைப்பு, உடைக்க முடியாத கான்கிரீட்டாக இருந்தது.

‘விமானி தவறு’ என்று ஒரு வரியில் இதை முடித்தவர்கள் அறிக்கையைப் படிக்கவில்லை என்றே சொல்வோம். நேரடிக் காரணம் தலைமை விமானியின் பிடிவாதம் என்று சொன்ன அதே அறிக்கை, தூக்க மந்தத்தையும் ரேடார் இல்லாததையும் சேர்த்துச் சொன்னது. துணை விமானி கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ள அதிகாரம் உண்டா என்பதில் விதிகள் குழப்பமாக இருந்ததையும் சுட்டியது. மூன்று முறை சொன்னவர் ஏன் கையை நீட்டவில்லை என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கிறது. மூத்தவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்குவது நம் ஊரில் எளிதான காரியமா என்ன!

இதில் பாடம் கற்றோமா? 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே ரக விமானம், அதே துபாய். மழையில் முதல் முறை ஓடுபாதை தெரியாமல் சரியாகவே மேலே ஏறினார்கள். இரண்டாம் முறை எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு இறங்கினார்கள். 8,858 அடி ஓடுபாதையில் சக்கரம் தொட்டது 4,438 அடியில், அதாவது சரிபாதியில். மற்ற விமானி கோ-அரவுண்ட் என்று சொல்லியும் ஓட்டியவர் கேட்கவில்லை. சொன்னவர் கட்டுப்பாட்டை எடுக்கவுமில்லை. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டார்கள். மங்களூருக்குப் பிறகு அமைக்கப்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இதை விசாரித்து எழுதிய காரணத்தை 2010 அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டதுபோல இருக்கும்.

விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பன்னாட்டு அமைப்பின் ஆய்வு, நிலைப்படாத அணுகுமுறைகளில் 3 சதவீதம் மட்டுமே கோ-அரவுண்டில் முடிகின்றன என்கிறது. மீதி 97 இறங்கிவிடுகின்றன; பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததே அடுத்த முறையும் துணியச் சொல்கிறது. தாமதம், எரிபொருள் செலவு, பயணிகளின் முணுமுணுப்பு எல்லாம் பைலட்டை இறங்கு இறங்கு என்றே தள்ளுகின்றன. அந்த நெருக்கடியோடு ‘பயணிகள் பீதி’ என்ற தலைப்பையும் நாம் ஏன் சேர்க்க வேண்டும்?

கோ-அரவுண்டில் பயணி உணர்வது இவ்வளவுதான்: எஞ்சின் திடீரென உறுமும், மூக்கு 15 டிகிரி அளவுக்கு நிமிரும், முதுகு இருக்கையில் அழுந்தும், சக்கரம் உள்ளே போகும் சத்தம் கேட்கும். விமானிகள் அறையில் அப்போது வேலை மிகுதி என்பதால் அறிவிப்பு இரண்டு மூன்று நிமிடம் கழித்தே வரும். அந்த மௌனம்தான் பயமுறுத்துகிறது. எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். மாற்று நிலையம் வரை போகவும், அதற்கு மேல் 30 நிமிடம் பறக்கவும் போதுமான எரிபொருளோடுதான் எந்த விமானமும் புறப்படும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்க முடியாவிட்டால் மதுரையும் திருவனந்தபுரமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, கடைசி 500 அடியில் விமானத்தைத் தூக்கவும் அமுக்கவும் செய்யும். ஆடியிலும் ஐப்பசியிலும் இங்கே சில விமானங்கள் சுற்றத்தான் செய்யும்.

தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. சமவெளி நிலையம், மங்களூர்ப் பள்ளம் இங்கே இல்லை. அதற்காகக் கேள்விகள் இல்லாமல் போகாது. செய்தியாளர்கள் பயணிகளிடம் ‘பயந்தீர்களா’ என்று கேட்பதை விட்டு நிலைய இயக்குநரிடம் கேட்கட்டும். ஓடுபாதையின் இரு முனையிலும் 240 மீட்டர் நீளம், 90 மீட்டர் அகலத்தில் பாதுகாப்புப் பகுதி முழுமையாக இருக்கிறதா? அதற்குள் இருக்கும் ஆன்டெனாவும் விளக்குக் கம்பங்களும் மோதினால் நொறுங்கும் வகையா, கான்கிரீட்டா? சக்கரம் தொடும் இடத்தில் படியும் ரப்பரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுரண்டுகிறார்கள்? மழைக்கு முன் ஓடுபாதையின் உராய்வுச் சோதனை நடந்ததா, அளவு என்ன? நிலைய ரேடாரோ வழிகாட்டும் கருவியோ பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது? இந்தப் பதில்களை உங்கள் நாளிதழ் வெளியிட்டால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.