சாதிக்காயை ஸ்பூனில் அளக்காதே

குமுளி,
ஐப்பசி 12

மாப்ள முருகேசா,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாசம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கோ. இங்கே எல்லாரும் சுகம். ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, மழை விட்டபாடில்லை, பெரியவர் அதே திண்ணையில் அதே பஞ்சாயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார். மற்ற சேதியெல்லாம் அப்புறம். தங்கச்சி நேற்று போனில் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லையென்று ராத்திரி பாலில் ஒரு டீஸ்பூன் சாதிக்காய்ப் பொடி போட்டுக் குடிக்கிறாயாமே? ஒரு சிட்டிகையில் ஆரம்பித்து, கேட்கவில்லையென்று ஏற்றிக்கொண்டே போனாயாம். நிறுத்துடா. இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்காவிட்டாலும் போகுது, அதை இன்றைக்கே நிறுத்து.

ஒரு டீஸ்பூன் பொடி 2 கிராமுக்கு மேல் நிற்கும். 5 கிராம், அதாவது சுமாரான ஒரு கொட்டை, உள்ளே போனால் அது விஷம். வாந்தி, நாக்கு வறட்சி, நெஞ்சுப் படபடப்பு, தலைசுற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது வரைக்கும் போகும். சிலருக்கு அதற்குக் கீழேயே ஆரம்பித்துவிடும். அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற சரக்கு செய்கிற வேலை இது. இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், குடித்த உடனே ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நீ பத்து மணிக்குக் குடிக்கிறாய். இரண்டு மணிக்கு நெஞ்சு தடதடவென்று அடித்து விழித்துக்கொள்கிறாய். தூக்கம் கெட்டுவிட்டது, சாதிக்காய் பத்தவில்லை என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் போடுகிறாய். உன்னை எழுப்புவதே அதுவாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? கெமிஸ்ட்ரி லேபில் எல்லாவற்றையும் கண்ணளவில் ஊற்றியவன் நீ. ரிட்டையர் ஆகியும் அளக்கப் பழகவில்லை.

சாதிக்காயைப் பெரியவர்கள் உரைகல்லில் இழைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. கொட்டை கல் மாதிரி கெட்டி. இரண்டு மூன்று சுற்று இழைத்தால் கல்லில் பழுப்பாக ஒரு பூச்சுதான் ஒட்டும், அதை வழித்துப் பாலில் விடுவார்கள். கை தானாகவே அளவைக் காத்தது. டப்பாப் பொடி வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. பேரன் வந்தால் அவன் நாக்கில் தடவுகிற வேலையும் வேண்டாம், குழந்தைக்கு அந்தக் கொஞ்சமே அதிகம்.

இனி நீ அனுப்பின டீ டப்பாவுக்கு வருகிறேன். மேலே நிலாவும் துளசி இலையும் போட்டு ‘இரவு மூலிகை’ என்று எழுதியிருக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாயா? முதல் சரக்கே கிரீன் டீ. பச்சையோ கறுப்போ, தேயிலை என்றால் காஃபின் உண்டு. பாதி காஃபின் உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். நம்ம சுக்குக் காப்பியிலும் காப்பித்தூள் விழுந்தால் இதே கதைதான். நான்காவது சரக்கைப் பார், அதிமதுரம். இருமலுக்கு நல்லதுதான், ஆனால் தினமும் உள்ளே போனால் பிரஷரை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரை போடுகிற ஆள் நீ. அந்த டப்பாவை யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் போடு.

உனக்குச் சரிப்படுவது கேமோமைல். சீமைச் சாமந்தி என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு சீலையம்பட்டி மார்க்கெட்டுச் செவ்வந்தியை வாங்கிக் கொதிக்க வைக்காதே. அது வேறு பூ, அதிலும் மாலைக்கென்று மருந்தடித்து வளர்த்தது. கேமோமைலை டீ பையாக வாங்காமல் முழுப் பூவாக வாங்கு. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கூம்பு. ஒரு பூவை எடுத்து அந்தக் கூம்பை நகத்தால் நெடுக்காகப் பிளந்து பார், உள்ளே பொந்தாக இருக்க வேண்டும். கசக்கினால் ஆப்பிள் வாசம் வரணும். வைக்கோல் வாசம் வந்தால் பழைய சரக்கு, திருப்பிக் கொடு.

200 மில்லி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பூ, 2 கிராம் வரும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணை. ஒரு நிமிஷம் பொறுத்துப் பூவைப் போட்டுத் தட்டால் மூடு. எட்டு நிமிஷம் கழித்து வடிகட்டு. மூடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. பூவிலும் இலையிலும் உள்ள தைலம் ஆவியோடு போய்விடும். அடுக்களை முழுக்க மணந்தால் கிளாஸில் ஒன்றும் மிஞ்சாது. கஷாயம் மாதிரி வற்றவும் வைக்காதே. வேருக்கும் பட்டைக்கும்தான் கொதி, பூவுக்கு ஊறல். மேலே போட்ட தட்டைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரையும் கிளாஸிலேயே தட்டிவிடு, வாசமெல்லாம் அதில்தான் இருக்கும். சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம்.

படுக்க ஒரு மணி நேரம் முன்னாடி குடி, 150 மில்லிக்கு மேல் போகாதே. படுக்கும் நேரத்தில் ஒரு செம்பு குடித்தால் ஒன்றுக்குப் போகவே இரண்டு தரம் எழுந்திருக்கணும். செவ்வந்தி பக்கம் போனால் தும்முகிறவனுக்கு இது ஒத்துக்கொள்ளாது, இரண்டும் ஒரே குடும்பம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உன் அண்ணனுக்கு இதைச் சொல்லிவிடு.

ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். கேமோமைல் குடித்தால் தூக்கம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம், நேரம் பெரிதாகக் கூடாது. உன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற இஞ்சிப்புல்லும், அதான் லெமன்கிராஸ், அப்படித்தான். 1986இல் பிரேசிலில் மனிதர்களுக்கு அந்தப் புல் டீயைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்தையும் வரவழைக்கவில்லை, பதற்றத்தையும் குறைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். வாசத்துக்கும் சூட்டுக்கும், டிவியை அணைத்துவிட்டு உட்காருகிற அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இரண்டு தண்டு எடுத்து, அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதியை மட்டும் அம்மியில் நசுக்கி, 300 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு மூடி வை. தாளின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், பார்த்து வெட்டு. இல்லையா, பாலக்காட்டு ஹோட்டலில் வைக்கிற பதிமுகக் கட்டை போட்ட சிவப்புத் தண்ணியோ சீரகத் தண்ணியோ போதும். தூக்க மருந்தென்று நினைக்காதே, காஃபின் இல்லாத சாயங்காலத் தண்ணி, அவ்வளவுதான். புதினா மட்டும் வேண்டாம், உனக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது. இரைப்பை வாயை அது தளர்த்திவிடும், படுத்ததும் புளிப்பு மேலே ஏறும்.

பக்கத்து வீட்டுக்காரர் பேஷன் ஃப்ரூட் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னாராமே. வேண்டவே வேண்டாம். தூக்கத்துக்குச் சொல்கிற பேஷன் கொடி வேறு இனம். நம்ம பக்கம் வேலியில் ஏறுகிற பழக்கொடியின் இலையில் சயனைடு தருகிற சரக்கு இருக்கிறது. அமுக்கரா, அஸ்வகந்தா என்கிறார்களே அது, வாங்கணும் என்று தங்கச்சி கேட்டாள். அவள் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள், அவளுக்கு ஆகாது. உனக்கும் தூக்க மாத்திரையோடு சேர்த்து வேண்டாம். கசகசாவைப் பாலில் அரைத்துக் குடி, தப்பில்லை. துபாயிலிருக்கிற மகளுக்கு மட்டும் பார்சலில் வைத்து அனுப்பிவிடாதே. அங்கே அது தடை, பிள்ளை ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று, இதைத் தங்கச்சியையும் படிக்கச் சொல். வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாசமாக நீடித்தால் அதற்கு டாக்டர்தான். அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்தியது. நீ குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று, அப்புறம் திணறி எழுகிறாயாம். அதற்கு எந்தப் பூவும் வேரும் பதில் சொல்லாது, தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கலாம். இந்த வாரமே போ. சாதிக்காய் எத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டாய் என்பதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்.

கால் கிலோ கேமோமைல் பார்சல் போட்டிருக்கிறேன். பிரித்ததும் கண்ணாடி ஜாடியில் அடைத்து இருட்டில் வை. அடுப்பு மேல் அலமாரியில் வைத்தால் ஒரு மாசத்தில் வாசம் போய்விடும். டாக்டர் என்ன சொன்னார் என்று நீயே எழுது, தங்கச்சி மூலம் சொல்லி அனுப்பாதே.

உன்,
செல்வம்