அறுவடை விருந்துக்கு உணவு கொண்டுவருவது பற்றிப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் உற்சாகமாக வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள். சென்ற தவணையில் தேர்வு எழுதியவர்கள் நல்ல பெறுபேறு பெற்றார்கள். பேச்சுப் போட்டி, விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா எல்லாம் சிறப்பாக நடந்தேறின. பாலர் வகுப்பில் புதிய முகங்கள் நிறைய. உழைத்த ஆசிரியர்களுக்கும் துணைநின்ற உங்களுக்கும் பள்ளியின் நன்றி.

இந்தத் தவணையின் முதல் நிகழ்ச்சி செப்டம்பர் 26, சனிக்கிழமை நடக்கும் அறுவடை விருந்து. நாம் வகுப்பு நடத்தும் அதே மண்டபத்தைப் பயன்படுத்தும் பேகன் அயலவர்கள் (இயற்கையையும் பருவங்களையும் போற்றி வழிபடுபவர்கள்) இந்த ஆண்டும் நம் பிள்ளைகளையும் உங்களையும் அழைத்திருக்கிறார்கள். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாளை ஒட்டி அவர்கள் கொண்டாடும் விழா இது. இவ்வாண்டு அந்த நாள் செப்டம்பர் 23. அவர்களுடைய ஆண்டுச் சக்கரத்தில் அறுவடைக்கு மூன்று விழாக்கள் உண்டு. ஆகஸ்ட் 1 அன்று வரும் லாமாஸ் தானியத்துக்கு உரியது. இப்போது வருவது பழத்துக்கும் காய்க்கும் உரியது. மூன்றாவது அக்டோபர் 31 அன்று வரும் சவின். இரண்டாவது விழாவுக்கு மேபன் என்ற பெயர் 1970களில்தான் வந்தது. ஆனால் விளைந்ததை முதலில் பகிர்ந்துண்ணும் வழக்கம் மிகப் பழையது. தைப்பூசத்தன்று புது நெல்லைப் புதிராக எடுக்கும் நமக்கு அதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

வழிபாட்டில் பிள்ளைகளும் கலந்துகொள்ள வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். கேட்டது சரியே. அவர்களுடைய சடங்கு காலையில் தோட்டத்தில் முடிந்துவிடும். நாம் பகல் உணவுக்கு மட்டுமே போகிறோம். அனுப்ப விருப்பமில்லாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வழக்கம்போல வகுப்பு நடக்கும்.

விருந்து ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் கொண்டுவந்து பகிரும் விருந்து. அழைத்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பிரித்தானிய மண்ணில் இந்த மாதத்தில் விளைந்தது ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். ஆப்பிள், பேரி, டாம்சன், பிளாக்பெரி, ஸ்குவாஷ், கரட், பார்ஸ்னிப், லீக்ஸ், பார்லி எல்லாம் இப்போது கடையிலும் சந்தையிலும் மலிவு. சென்ற ஆண்டு நம் பக்கத்திலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி பிரியாணியும் றோல்ஸும். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பருவத்துக்கு உரியது மேசையில் குறைவாக இருந்தது. முதல் முறை செய்பவர்களுக்காகச் சில அளவுகள் தருகிறேன்.

எளிதானது ஆப்பிள், பிளாக்பெரி கிரம்பிள், அதாவது பழத்தின்மேல் மா உதிரியைத் தூவிச் சுடும் இனிப்பு. எட்டுப் பேருக்குத் தோல் சீவிய பிராம்லி ஆப்பிள் 700 கிராம், பிளாக்பெரி 300 கிராம், சீனி 100 கிராம். மேலே தூவக் கோதுமை மா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், சீனி 75 கிராம், ஓட்ஸ் 50 கிராம். வெண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும்போதே மாவோடு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். இளகிய வெண்ணெய் மாவைப் பிசைந்த களியாக்கிவிடும், வெந்த பின் மொறுமொறுப்பு வராது. தூவியதைக் கையால் அழுத்தவும் கூடாது. பிளாக்பெரி உறைபனிப் பெட்டியிலிருந்து வந்ததானால் தண்ணீர் அதிகம் விடும், பழத்தோடு ஒரு மேசைக்கரண்டி சோள மா பிரட்டிக்கொள்ளுங்கள். 190 பாகை செல்சியஸில் 40 நிமிடம், ஓரங்களில் சாறு கொதித்து வரும் வரை. பிராம்லி புளிப்பானது, வெந்தால் நுரைபோலக் குழையும். காக்ஸ் போன்ற இனிப்பு ஆப்பிள் துண்டாகவே நிற்கும், அதற்குச் சீனி 60 கிராம் போதும்.

பார்லி சூப் வயிறு நிறைக்கும். உமி நீக்கிய பார்லி 200 கிராம், கரட் இரண்டு, பார்ஸ்னிப் இரண்டு, லீக்ஸ் இரண்டு, மரக்கறிச் சாறு இரண்டு லீட்டர். மெல்லிய தீயில் 45 நிமிடம். பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். அடுப்பை விட்டு இறக்கிய பின்னும் பார்லி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மண்டபத்துக்கு வந்து சேரும்போது சூப் களியாகிவிடும். அரை லீட்டர் கொதிசாற்றைத் தனியாகச் சுடுநீர்க் குடுவையில் கொண்டுவந்து பரிமாறும் நேரத்தில் கலந்துவிடுங்கள்.

பாண் சுடுபவர்கள் 500 கிராம் மாவில் பார்லி மா 150 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்லியின் பசைத்தன்மை பலவீனமானது, கூடினால் பாண் எழும்பாமல் செங்கல்லாகிவிடும். ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், தண்ணீர் ஏறத்தாழ 320 மில்லிலீட்டர், 220 பாகையில் அரை மணி நேரம்.

பட்டர்நட் ஸ்குவாஷ் ஒரு கிலோவை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டி, 200 பாகையில் 35 முதல் 40 நிமிடம் வாட்டுங்கள். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் ஆவியில் அவிந்து தொளதொளத்துவிடும், ஓரம் கருகிச் சிவக்காது. விளக்குச் செதுக்க விற்கும் பெரிய பூசணியை இதற்கு வாங்காதீர்கள். நீர்ச்சத்து மிகுந்தது, சுவையில்லை.

வேலியோரத்தில் பறித்ததைக் கொண்டுவருவோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். எல்டர்பெரியைப் பச்சையாகச் சாப்பிட்டால் வாந்தி வரும். அதன் விதையிலும் காம்பிலும் சயனைடு விடுவிக்கும் பொருள் உண்டு. காம்பெல்லாம் நீக்கி நன்றாகக் காய்ச்சிய பிறகே அது உணவு. இரண்டாவது, செப்டம்பரில் பூங்காவில் பொறுக்கும் வழுவழுப்பான உருண்டைக் கொட்டைகள் பெரும்பாலும் காங்கர்கள், அதாவது குதிரைச் செஸ்நட் மரத்தின் கொட்டைகள். அவை நஞ்சு. உண்ணக்கூடிய செஸ்நட்டின் நுனியில் சிறு குடுமி இருக்கும், மேலுறையில் மெல்லிய முட்கள் அடர்ந்திருக்கும், அது உதிர்வதும் பெரும்பாலும் அக்டோபரில்தான். மூன்றாவது, காட்டில் பறித்த காளான் எதுவும் வேண்டாம். எவ்வளவு தெரிந்தவர் பறித்திருந்தாலும் வேண்டாம்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நம் பெற்றோர் கொண்டுவந்த பாத்திரங்களில் பல, என்ன இருக்கிறது என்ற சீட்டே இல்லாமல் வந்தன. கேட்டபோது "மரக்கறிதான்", "உறைப்பே இல்லை", "எல்லாரும் சாப்பிடலாம்" என்ற பதில்கள் கிடைத்தன. அன்போடு சொன்ன பதில்கள்தான். ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவை உதவாது. பரிமாறியவர்கள் வேறு வழியில்லாமல் சில பாத்திரங்களைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தார்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்தவர்களுக்கு அது எவ்வளவு வருத்தம் என்பது எனக்குப் புரிகிறது.

இந்த நாட்டு விதிகளில் ஒவ்வாமை தரும் உணவுகள் என்று பதினான்கு வகை குறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் கடுகு ஒன்று, எள் ஒன்று. வாட்டிய ஸ்குவாஷுக்குக் கடுகு தாளித்தால், கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கினால், சீட்டில் அது வர வேண்டும். கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். டப்பாவின் பின்புறத்தைப் பார்க்காமல் "கோதுமை இல்லை" என்று எழுதக் கூடாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குப் பார்லியும் ஆகாது. சூப்புக் கட்டிகளில் செலரி இருப்பது வழக்கம், அதுவும் பட்டியலில் உண்டு. உலர்ந்த அப்ரிகொட் பளிச்சென்ற செம்மஞ்சளாக இருந்தால் கந்தக டைஆக்சைடு சேர்த்ததாக இருக்கும், அதுவும் பட்டியலில் உண்டு. மாசி போட்ட சம்பல் மரக்கறி உணவு ஆகாது, மீன் என்றே எழுத வேண்டும். தேங்காய் அந்தப் பதினான்கில் இல்லை, ஆனாலும் அது சேராத பிள்ளைகள் உண்டு, எழுதிவிடுங்கள்.

கச்சான், கஜு, பாதாம், ஹேசல்நட் எதுவும் விருந்துக்கு வேண்டாம். இந்தப் பருவத்து மேசையில் ஹேசல்நட் வைப்பது அழைத்தவர்களின் வழக்கம். நம் பிள்ளைகளுக்காக அவர்களே அதைத் தவிர்க்க முன்வந்திருக்கிறார்கள். விருந்தினரான நாம் பாயாசத்தில் கஜுவைப் போட்டுக்கொண்டு போக முடியாது.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். சீட்டு இல்லாத பாத்திரம் மேசைக்கு வராது. கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும், எத்தனை மணி நேரம் சமைத்திருந்தாலும், அது திறக்கப்படாமல் திரும்பும். வாசலில் ஆசிரியர்களோடு வாதாட வேண்டாம். "கொஞ்சம்தானே போட்டேன்" என்பது காரணம் ஆகாது. நம் பள்ளியில், கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் ஊசியைப் பையில் சுமந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் என்ற அளவே கிடையாது.

சூடும் அதே அளவு முக்கியம். சூடான உணவு 63 பாகைக்குக் குறையாமல் வைக்கப்பட வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அதிகாலையில் வடித்த சோறு அடுப்படியிலும் காரிலும் கிடந்து நண்பகலில் மேசைக்கு வருவதுதான் மிகப் பெரிய ஆபத்து. சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிரி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சோறு கொண்டுவருவதானால் வடித்து ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடாக்கி, மூடிய சூட்டுப் பாத்திரத்தில் எடுத்து வாருங்கள். இதைவிடக் கிரம்பிளும் பாணும் கொண்டுவருவது உங்களுக்கும் எளிது.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். விருந்தில் ஆப்பிள் மதுவான சைடர் வைப்பது வழக்கமானாலும் நம் மேசைக்கு மது இல்லை. ஆப்பிள் சாறு இரண்டு லீட்டருக்குக் கறுவாப்பட்டை இரண்டு, கராம்பு ஆறு போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கினால் பெரியவர்களும் விரும்பிக் குடிப்பார்கள்.

இத்தனை கட்டுப்பாடா என்று சிலருக்கு மனம் சலிக்கலாம். இந்த விருந்து நடப்பதே உங்கள் கைகளால்தான் என்பதை நான் அறிவேன். வார நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, வெள்ளி இரவில் பெரிய சட்டியை அடுப்பில் வைப்பவர்கள் நீங்கள். சென்ற ஆண்டு நம் பிள்ளைகளின் பண்பையும் நீங்கள் பரிமாறிய விதத்தையும் அழைத்தவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்கு உரியது. ஒதுக்கி வைக்கப்பட்ட பாத்திரங்களின் சொந்தக்காரர்கள் இந்த ஆண்டும் சமைக்க முன்வந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக என் நன்றி.

வெற்றுச் சீட்டு இந்தக் கடிதத்துடன் இருக்கிறது. உணவின் பெயர், சேர்க்கும் எல்லாப் பொருட்கள், சமைக்கும் நேரம் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, செப்டம்பர் 19 வகுப்பின்போது வகுப்பாசிரியரிடம் ஒரு படி கொடுங்கள். இன்னொன்றைப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டுங்கள். மூடி மாறிப்போவது வழக்கம் என்பதால் பாத்திரத்தின் பக்கத்திலும் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். விருந்தன்று உணவை 11.30 மணிக்குள் பின்வாசலில் ஒப்படைக்கவும். எழுதுவதில் ஐயம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை 9 மணி முதல் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்